தூக்கில் போடச் சொன்ன சேதுபதி

சேதுபதி டெலிபோனுக்குக் கும்பிடு போட்ட கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். இப்போதே இல்லை. முதலில் அவர் டீயைக் குடித்து முடிக்கட்டும்.

தேக்கா கடைத்தெருவில் சேக் தாவூது டீக்கடை. கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி சேதுபதி பேப்பரை மடக்கி மேசையில் அடித்தார்.

"கொலைகாரனுக்குக் கருணை மனுவாம்! தூக்குல போடணும்லா!"

"கயித்தை நானே இழுப்பேண்ணே!" என்றார் பரமசிவம். கடையே ஆமாம் போட்டது.

வாசலில் மனுவோடு பூவம்மா நின்றாள். சண்டையில் மேஸ்திரியை அடித்துக் கொன்ற லாரி டிரைவரின் மனைவி. வெள்ளிக்கிழமைக்குள் மனு கவர்னருக்குப் போகாவிட்டால் புருஷன் இல்லை.

"ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே."

"கயிறு வேணும்னா வாங்கித் தர்றேன்!"

கடை சிரித்தது. நான் சொன்ன சிரிப்பு இது இல்லை.

மூன்று மணிக்குச் சேதுபதியின் ஆபீஸ் டெலிபோன் அடித்தது. கனத்த குரல்.

"கோர்ட்டுத் தலைமை கிராணி பேசுறேன். திங்கட்கிழமை கொலைக் கேஸு. ஜூரியில உங்க பேர் இருக்கு."

"எ... என் பேரா?"

"கைதி முகத்தைப் பார்த்து 'குற்றவாளி'ன்னு சொல்லணும். அப்புறம் தூக்கு. அவன் அம்மா முன் பெஞ்சுலதான் இருப்பாங்க."

"சார், எனக்குச் சர்க்கரை வியாதி..."

"தூக்கு அவனுக்குத்தானே?"

"என் சம்சாரத்துக்கும் சர்க்கரை சார்!" ஒற்றைக் கையாலேயே கும்பிட்டார். "டீக்கடையில ஆயிரம் பேசுவோம் சார். நிஜமா ஒரு உசிரை நான் எப்படி..."

"கருணை மனுவுல கையெழுத்துப் போட்டவங்களை ஜூரியில சேர்க்க மாட்டோம். போட்டிருக்கீங்களா?"

"காலையிலேயே போட்டுட்டேன் சார்!"

ரிசீவரை வைத்துவிட்டுத் தேக்காவுக்கு ஓடினார்.

டெலிபோன் இருக்கும் ஒரு துணிக்கடை வாசலில் பூவம்மா. பக்கத்தில் அவள் தங்கை லீலா. பள்ளிக்கூட நாடகத்தில் ராஜாவும் அவள்தான், கிழவனும் அவள்தான்.

சேதுபதி பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் மேலே இருந்த பெயர்களைப் பார்த்தார். பரமசிவம். துரைசாமி. சாகுல் ஹமீது. சேக் தாவூதுகூட! காலையில் ஆமாம் போட்ட அத்தனை பேரும்.

"ஜூரிக்கு ஏழு பேர்தானே? இங்க பதினொரு பேர் இருக்கோமே!"

பூவம்மா மனுவை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சேதுபதி லீலாவைப் பார்த்தார். லீலா வானத்தைப் பார்த்தாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா கிராணி, எங்க ஆபீஸ்லயும் நாலு பேர் தூக்கு தூக்குன்னு கத்துறானுங்க. நம்பர் தரட்டுமா?"