ஓர் எழுத்து போதுமே

"லேப் மெஷின் என்ன, உங்க ஒருத்தருக்கு மட்டும் குத்தகையா சீனியர்?"

ஆராய்ச்சி மாணவி கேட்ட கேள்விக்கு எதிர் மேஜை சீனியரிடமிருந்து பதில் வரவில்லை. வராது. அதனால்தான் அவருக்கு 'உம்மணாமூஞ்சி' என்று பெயர் வைத்திருந்தாள்.

அவள் முன்னால் லேபின் லினக்ஸ் கம்ப்யூட்டர் கல்லாய்ச் சமைந்திருந்தது. மவுஸ் அசையவில்லை. திரையில் காலையிலிருந்து அவள் எழுதிய அத்தியாயம், ஸ்கேன் செய்த படங்கள் முழு அளவில் ஒட்டியபடி. ஒரு தடவைகூட சேவ் செய்யவில்லை. மாலைக்குள் கைடு மேடத்திடம் கொடுக்காவிட்டால் இந்த வருடமும் கோவிந்தா.

அதே மெஷினுக்குள் போன வாரத்திலிருந்து சீனியரின் ஆராய்ச்சிக் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் படுத்ததற்கு வேறு யார் காரணம்?

பொதுச்சொத்து, சமத்துவம், சீனியர்களின் அராஜகம் என்று ஒன்று விடாமல் அவரிடம் விளக்கினாள். விளக்கி முடித்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கக் குனிந்தாள்.

"தாயே, வயரை விடு. பிடுங்கினா உன் அத்தியாயம் அம்போ."

சீனியர் எழுந்து வந்தார். கீபோர்டில் இரண்டு பட்டன்களை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஓர் எழுத்தைத் தட்டினார். காத்திருந்தார். இன்னொரு எழுத்து. மறுபடியும் காத்திருந்தார்.

"என்ன, ஆர்மோனியமா வாசிக்கிறீங்க?"

ஓடுகிற புரோகிராம்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளக்கூடாதாம். மூடிக்கொள்ளச் சொல்லி அவகாசம் தர வேண்டுமாம். எழுதியதெல்லாம் டிஸ்கில் இறங்கிய பிறகுதான் ரீஸ்டார்ட்டாம்.

தன் கணக்கைக் காப்பாற்றத்தானே இவ்வளவு பொறுமை என்று அவள் மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

திரை இருண்டது. வெளிச்சம் வந்தது. அத்தியாயத்தை மீட்கவா என்று கேட்டது. கடைசி வரி வரை அப்படியே இருந்தது.

போன உயிர் திரும்பி வந்தது. "தேங்க்ஸ்" என்றாள், கொஞ்சம் விறைப்பாகவே.

"முதல்ல சேவ் பண்ணு" என்றபடி அவர் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து மேடம் உள்ளே வந்தார்.

"என்னப்பா, உன் கணக்கு முடிஞ்சுதா?"

"மெஷின் ஹேங் ஆயிடுச்சு மேடம். ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். இனி முதல்லேர்ந்து ஓட்டணும்."

அவள் சட்டென்று திரும்பினாள்.

"எதுக்கு மொத்தத்தையும் ரீஸ்டார்ட் பண்ணினே? மெமரியை அதிகமாத் தின்னுற புரோகிராமை மட்டும் சாகடிக்க ஓர் எழுத்து போதுமே. உன் கணக்கு அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்திருக்கும்."

"தோணலை மேடம்."

மேடம் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மெஷினில் இப்போது அவளுடைய அத்தியாயம் ஒன்றுதான் திறந்திருந்தது. ஆனாலும் உள்ளே ஃபேன் மறுபடி இரையத் தொடங்கியது. மவுஸ் தள்ளாடியது.

அதிகமாகத் தின்றது யார் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த ஓர் எழுத்தை அவர் தட்டியிருந்தால், காலையிலிருந்து எழுதியது அத்தனையும் சாம்பல்.

எழுந்து அவர் மேஜைக்குப் போனாள்.

"தேங்க்ஸ் சீனியர்." இந்த முறை விறைப்பு இல்லை.

உம்மணாமூஞ்சி முதல் முறையாகச் சிரித்தது.

"அந்தப் படங்களையெல்லாம் கொஞ்சம் சின்னதாக்கிடு தாயே. இன்னொரு தடவை என் கணக்கு தாங்காது."