வெளுத்த பாசி

ஆராய்ச்சி மாணவி சிவப்புப் பாசிக் குடுவையைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள். போன வாரம் பாசி சிவப்பு வெளிறிப் பச்சையானபோது, குடுவை கழுவும் அக்காவை எல்லார் முன்னாலும் "சோப்பு போக அலசத் தெரியாதா?" என்று வறுத்தெடுத்திருந்தாள். வெளிச்சம் மிகுந்தால் பாசி, ஒளியைப் பிடிக்கும் தன் சிவப்பு நிறமியைத் தானே குறைத்துக்கொள்ளும். மங்கலில் மறுபடி கூட்டிக்கொள்ளும். விளக்கைக் கூட்டிவைத்து மறந்தவள் மாணவிதான். அது தெரிந்து, விளக்கைத் தணித்து மூன்று நாளாகிறது. இன்னும் வாய் திறக்கவில்லை. "மறுபடி செவந்துருச்சு கண்ணு!" அக்காவின் முகம் மலர்கிறது. "இந்தத் தடவ ஏழு தண்ணி விட்டு அலசினேன், அதான்." வெடித்த விரல்களைப் புடவையில் துடைத்துக்கொள்கிறாள். மாணவிக்குக் காது மடல் சுடுகிறது. "ஆமாக்கா, அதான்" என்கிறாள், குடுவையை முகத்துக்கு நேரே உயர்த்தியபடி.