நான்கு சக்கரக் கடன்

இரும்புக்கடைக்காரருக்கு நான் தர வேண்டியது எண்பத்தைந்து ரூபாய். பள்ளிப் போட்டிக்காக மகள் செய்த கையளவு பந்தய வண்டிக்குச் சக்கரம் நான்கும் கம்பி இரண்டும் கடனாக வாங்கியிருந்தேன். கட்டை மட்டும் நான் மூட்டை இறக்கும் கிடங்கில் சும்மா கிடைத்தது.

பணத்தோடு போனபோது அவர் முகம் சுளித்தார்.

“எல்லாம் அஞ்சு ரூபாய்ச் சில்லறையா? யாருய்யா எண்ணுறது? நோட்டாக் கொண்டா!”

சில்லறையை வீட்டு டப்பாவிலேயே போட்டேன். அன்று மாலை ஒத்திகையில் வண்டி சரிவின் பாதியிலேயே நின்றுவிட்டது.

“கனம் பத்தலப்பா. நான் பாத்துக்கிறேன்,” என்றாள் மகள்.

பந்தயத்தன்று காலை டப்பாவைத் திறந்தேன். காலி. பள்ளி வாசலிலேயே கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

“கடன் வண்டி எங்க ஓடப் போகுது? என் பையன் வண்டியப் பாரு, பளபளன்னு! அது கிடக்கட்டும், என் காசு இன்னைக்கு வந்தாகணும்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வண்டிகளைச் சரிவில் விட்டார்கள். எங்கள் வண்டி கடகடவென்று இறங்கிக் கோட்டைத் தாண்டியபோது, அவர் மகனின் வண்டி ஒரு முழம் பின்னால் வந்துகொண்டிருந்தது.

“ஏமாத்து வேலை! வண்டி வயித்துக்குள்ள என்ன வெச்சிருக்கே?” என்று கத்தினார் கடைக்காரர்.

“கனம் வைக்கலாம்னு டீச்சரே சொன்னாங்க மாமா. கையை நீட்டுங்க.”

மகள் வண்டியின் அடிமூடியைக் கழற்றிக் கவிழ்த்தாள். பதினேழு நாணயங்கள் அவர் கையில் கொட்டின.

“நீங்க வேணாம்னு சொன்ன காசுதான்.”

அவர் மகன்தான் எண்ணினான்.

“எண்பத்தஞ்சு சரியா இருக்குப்பா. அடுத்த தடவை இதை நம்ம வண்டிக்குள்ள போடலாமா?”