தெருமுனையில் கொட்டும் மருந்து

மருந்துச் சக்கையைத் தெருமுனையில் கொட்டிவிட்டு வர அப்பாவுக்கு ஏன் ஒரு மணி நேரம் ஆகிறது என்று மெய் யீக்குப் புரியவில்லை.

அம்மா இறந்தபின் சுவரைப் பார்த்தே படுத்திருந்தவர் அவர். தொழிற்சாலையில் நின்று களைத்து வந்தாலும், மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாக வற்றும்வரை மெய் யீ அவருக்கு மூலிகை காய்ச்சினாள். இப்போதெல்லாம் அவரே கஞ்சி கேட்டு வாங்கிக் குடிக்கிறார்.

"உங்க மருந்து நல்லா வேலை செய்யுது, சின்சே."

மூலிகை கொடுத்த ஈப்போ நகரச் சீன வைத்தியர் சிரித்தார். "அவரு எங்க குடிக்கிறாரு? கசக்குதுன்னு கீழ ஊத்திடுறாராம். நாடி பாக்கறப்ப அவரே சொன்னாரு."

மறுநாள் மெய் யீ அப்பாவின் பின்னாலேயே போனாள். சக்கையைக் கொட்டியவர், தெருக்கூட்டுபவர் வந்து அள்ளும்வரை அதற்குக் காவல் நின்றார். அவ்வழியே வந்த ஒருவரைத் தடுத்தார்.

"ஏய் ஆ கியோங், மிதிச்சிராத! மிதிக்கிறவனோட என் நோயும் போயிடும்."

"அதுக்குத்தானய்யா எல்லாரும் வழியில கொட்டுறாங்க, கிழவா!"

"என் மக கொட்டச் சொல்லிட்டா. அதுக்காக என் துக்கத்த உன் தலையில கட்டவா? சுத்திப் போ. ஆமா, உன் மூட்டுவலி எப்படியிருக்கு?"

ஆ கியோங் நின்றார். அவ்வழியே வந்த மீன்காரியும் கூடையை இறக்கினாள். பேச்சு வளர்ந்தது.

மெய் யீக்குக் கால் கடுத்தது. சின்சேயிடம் திரும்பிப் போய், பார்த்ததைச் சொல்லிக் கேட்டாள்: "இனியும் காய்ச்சணுமா?"

"தெனமும் காய்ச்சு. அவரு குடிக்காட்டியும் பரவாயில்ல. கொட்டுறதுக்குச் சக்கை வேணும்."