இறக்கி வைத்த ஊசி

சாண் உயரமே உள்ள பழைய ஜெர்மன் பொம்மைத் தையல் மிஷின்களைச் சேர்ப்பது பிலோமினாவின் கிறுக்கு. புதிதாக வந்த மிஷினில் ஒரு பொம்மைப் பாவாடை பாதி தைத்தபடி கிடந்தது.

"துணிய உருவிட்டுத் துடைக்க வேண்டியதுதானே?" என்றார் கணவர் ஜெரால்டு.

"இதுக்கு அடிநூல் கிடையாதுங்க. ஒத்தை நூல்ல சங்கிலித் தையல். ஊசியத் தூக்கி இழுத்தா அத்தனையும் பிரிஞ்சு வந்துரும்."

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஊசி துணிக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. எந்த ஊரிலோ ஒரு சிறுமி, சாப்பிடவோ வீட்டைக் காலி செய்யவோ கூப்பிட்ட குரலுக்கு எழுந்தவள், அந்த அவசரத்திலும் தையல் பிரியாமல் ஊசியை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"நல்லா இருப்பே கண்ணு," என்றாள் பிலோமினா. அந்தக் கண்ணு இன்று உயிரோடு இருந்தால் தன்னைவிட மூத்தவளாக இருப்பாள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

கைப்பிடியை மெல்லச் சுற்றினாள். நூல் அறாமல் தையல் ஓடியது. ஓரம் முடிய இரண்டு விரற்கடை இருக்கும்போது கையை எடுத்துக்கொண்டாள்.

"இவ்வளவு வந்துட்டு ஏன் நிறுத்திட்டே?"

பிலோமினா இன்னும் அரைச்சுற்று சுற்றி ஊசியைத் துணிக்குள் இறக்கினாள். பிறகு சாப்பாடு எடுத்துவைக்க எழுந்தாள்.