கல் சுரந்த பால்

தணிகாசலம் சவரக்கத்தியைத் தோல்பட்டையில் இழுத்து இழுத்துக் கை சலித்துப்போனார். கூர் ஏறவேயில்லை. வெளியே ஒரு கைக்குழந்தை முதல் மொட்டைக்குக் காத்திருந்தது. வேறு வழியில்லாமல், ஆசையாய்ச் சேர்த்து அலமாரியில் வைத்திருந்த கத்தி தீட்டும் ஜப்பான் மலைக்கல் ஒன்றை எடுத்து நனைத்தார்.

கல் பயந்துபோனாள். தேய்த்தால் கல்மாவு கரைந்து அவள் பால் சுரக்க வேண்டும். அந்தப் பாலில்தான் கத்திக்குக் கூர் ஏறும். அவளோ இதுவரை ஒரு கத்தியையும் தொட்டதில்லை.

"எனக்கு வராது கண்ணு. காய்ஞ்சு கிடக்கேன். உன்னால பிஞ்சுத் தலையில கீறல் விழுந்துட்டா?" என்றாள் கத்தியிடம்.

"வராட்டிப் போகுது சித்தி, சும்மா உன்மேல படுத்துக்கிறேன்" என்றது கத்தி.

அவளிலிருந்து வெட்டியெடுத்து, கூடவே வைத்திருந்த துண்டுக்கல் சிரித்தது. "பயந்தாங்கொள்ளி அம்மா! நான் தேய்ச்சுவிடறேன், இரு."

தணிகாசலத்தின் கையில் துண்டுக்கல் அவள் முதுகில் வட்டம் வட்டமாய்ச் சுற்றியது. முதலில் வெறும் தண்ணீர்தான். பிறகு மெல்ல, அரிசி களைந்த நீர்போல வெளுத்தது. அப்புறம் கெட்டியாய்ப் பால். கத்தி சத்தமே இல்லாமல் குடித்தது.

"அண்ணே, புள்ள அழுவுறான்!" என்று வெளியே யாரோ கூப்பிட்டார்கள். தணிகாசலம் கத்தியைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

"அழுத்தாதே கண்ணு, உச்சி மெத்துனு இருக்கும். சுழிகிட்ட போறப்ப மட்டும் கொஞ்சம் பார்த்து..." என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள் கல்.