பிரேமலா வீட்டுச் சுவர்

பிற்பகல் மூன்று பத்து. யோகேஸ்வரி வேலிக்கு மேலே கையை நீட்டிப் பக்கத்து வீட்டுச் சுவரைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது.

விறுவிறுவென்று தன் வீட்டு வாசலுக்கு வந்து முன்சுவரைத் தொட்டாள். தோசைக்கல். கையை உதறிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பிரேமலா போன வாரம்தான் சுவருக்கு வெளியே பலகை அடித்திருந்தாள். பளபளவென்று சாம்பல் நிறம், உள்ளே நாலு விரல் கனத்துக்குப் பஞ்சு. தெப்ரா குடியிருப்பில் அந்த வரிசையில் வேறு எந்த வீட்டிலும் அப்படி இல்லை.

அதுவும் ஒரு பக்கம் மட்டும். மாலை வெயில் அந்த வரிசை வீடுகளின் முகத்தில்தான் அறையும். முகத்தை விட்டுவிட்டு, யோகேஸ்வரியின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அடித்திருந்தாள். பாத்திரம் கழுவும்போதெல்லாம் இவள் பார்த்து வேக வேண்டும். வேறெதற்கு?

பிரேமலா பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். அதுவும் பணக்கொழுப்பு என்று யோகேஸ்வரி முடிவுகட்டி நாளாயிற்று. புருஷன் செல்வாவுக்கு எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் இரவு வேலை. ஊரே வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் அவன் மோட்டார்சைக்கிள் புறப்படும். சிங்கப்பூர் காசு, பலகை அடிக்கச் சொல்லும்.

கணவர் திருச்செல்வம் கிடங்கிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும், பின்பக்கத்தில் கணக்கு எழுதிய கரண்டு பில்லை அவர் தட்டருகே வைத்தாள்.

"முந்நூறு சதுர அடி. அடிக்கு முப்பத்திரெண்டு வெள்ளி. ஒம்பதாயிரத்து அறுநூறு. சாரம் கட்ட ஆயிரத்து இருநூறு. ஓரத்துக்கும் பூச்சுக்கும் ஆயிரம். எல்லாம் விசாரிச்சுட்டேன்."

திருச்செல்வம் எழுந்து போய்ச் சமையலறை ஜன்னலைச் சாத்தினார். அவள் ஏதாவது ஆரம்பித்தாலே அவருக்கு அது ஒரு பழக்கம்.

"இந்த வேக்காட்டுல ஜன்னல ஏன் சாத்துறீங்க?"

"நமக்குப் பலகையெல்லாம் தேவையில்ல யோகா."

"அவளுக்கு மட்டும் தேவையா? அவ என்ன மகாராணியா? நான் என்ன அவ வீட்டு வேலைக்காரியா?"

"மெதுவா பேசு."

"என் வீட்டுல நான் பேசறேன்! போனஸ் எங்க? போன வருஷம் ஆறாயிரம் வந்துச்சுல்ல?"

"இந்த வருஷம் இல்லன்னுட்டாங்க." சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப நான் மாசாமாசம் சீட்டு கட்டுற கூட்டுப் பணத்த எடுக்கிறேன். அடுத்த மாசம் எனக்குத்தான் விழுது."

"அது லோஷினி காலேஜுக்கு."

"கடன் வாங்கிப் படிக்கட்டும். ஊர்ல முக்காவாசிப் பிள்ளைங்க அப்படித்தான் படிக்குதுங்க."

மாடியில் மகள் லோஷினி அறைக்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. திருச்செல்வம் தட்டை நகர்த்தினார். "அந்தக் காசுல மட்டும் கை வைக்காத" என்றார். பிறகு போய் வாசல் கதவையும் சாத்தினார்.

அன்றிரவே யோகேஸ்வரி பில்லில் முன்பு எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். வெறும் சாம்பல் வேண்டாம், கல் பதித்த மாதிரி டிசைன். கீழே மட்டும் போதாது, மாடிக்கும் சேர்த்து. கடைசி வரியில் லோஷினியின் கூட்டுப் பணம் முழுசாகப் போய்விட்டது. போகட்டும்.

மறுநாள் காலை பிரேமலா வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்க் கேட்க யோகேஸ்வரிக்கு நாக்குக் கூசியது. ஆனால் அவள் எவ்வளவு போட்டாள் என்று தெரிந்தால்தானே, அதற்கு மேலே போட முடியும்?

"பிரேமலா! அந்தப் பலகை அடிச்ச ஆளு நம்பர் குடும்மா. எவ்வளவு ஆச்சு?"

பிரேமலா சட்டென்று தன் வீட்டு மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். ஈரத்துணியோடு வேலிக்கு அருகில் வந்தாள்.

"பன்னெண்டாயிரம்க்கா."

"அவ்வளவுதானா? நானும் அடிக்கப்போறேன். இதே பக்கம். மேலயும் கீழயும். கல்லு டிசைன்ல."

அவள் முகம் சுண்டுவதைப் பார்க்க யோகேஸ்வரி காத்திருந்தாள். ஆனால் அந்த முகம் மலர்ந்தது.

"அலமாக், ரொம்ப நல்லதுக்கா! சீக்கிரம் அடிச்சிடுங்க. உள்ள பஞ்சு வச்சதாவே கேளுங்க, என்ன?"

யோகேஸ்வரிக்குச் சப்பென்றாகிவிட்டது. "ஆமா, வெயிலுக்கு அதுதான் குளுகுளுன்னு இருக்கும்போல" என்றாள்.

"இந்தச் செவுத்துல வெயில் எங்கக்கா படுது?" பிரேமலாவின் குரல் இன்னும் இறங்கியது. "இவரு விடிஞ்சு வந்துதான் படுக்கிறாரு. உங்க வீட்டுச் சத்தத்துல தூக்கமே இல்லக்கா. கோவிச்சுக்காதீங்க."

யோகேஸ்வரி வாயைத் திறந்தாள். பின்னால் தன் வீட்டுச் சமையலறை ஜன்னல் மெல்லச் சாத்தப்படுவது கேட்டது.

"பாதிக் காசு உங்க வீட்டு அண்ணன்தானே குடுத்தாரு. உங்ககிட்ட சொல்லலையாக்கா?"